ஃபைபர் இணைப்போடு போன் மாதம் 499 என்றார்கள். முதல் பில் 2,571 ரூபாய் வந்திருக்கிறது. இதில் எது வரி, எது கம்பெனி போட்டது? இதுதான் உங்கள் கேள்வி.

கும்பகோணத்தை ஒட்டிய ஊர், ஜூன் 11-ல் இணைப்பு, திட்டம் 499 ரூபாய், பில்லில் இன்ஸ்டலேஷன் 500, ரவுட்டர் டெபாசிட் 1,000, வரி 239.70 என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லைப் பிரித்துப் பார்க்க இது போதும்.

ஜூன் 11 முதல் 30 வரை 20 நாள். 499-ஐ 30-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 332.67. திட்டத்தின் மாத வாடகையை முன்கூட்டியே வாங்கும் நிறுவனம் என்பதால் ஜூலை மாத 499-ம் இதிலேயே ஏறியிருக்கிறது. இன்ஸ்டலேஷன் 500. மூன்றும் சேர்த்து 1,331.67. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 239.70; மத்திய அரசுக்கு 119.85, மாநில அரசுக்கு 119.85. ஆக 1,571.37. டெபாசிட்டைக் கூட்டினால் 2,571.37. கணக்கு சரி. ஆனால் 499 என்று மட்டும் சொல்லி ஒயரை இழுத்துவிட்டு, மீதியைப் பில்லில் காட்டியது சரியே இல்லை. ஆகஸ்ட் முதல் உங்களுக்கு மாதம் 588.82 வரும், உண்மையான மாத விலை அதுதான்.

இந்தக் குழப்பம் பலருக்கும் வரக் காரணம் மொபைல் ரீசார்ஜ். ப்ரீபெய்டில் சொல்லும் விலைக்குள்ளேயே ஜிஎஸ்டி அடக்கம். 299 என்றால் 299 கொடுத்தால் போதும். வீட்டு இணைப்பிலும் போஸ்ட்பெய்டிலும் வரிக்கு முந்தைய விலையைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

அடுத்து டெபாசிட். இதை நன்றாகக் கவனியுங்கள். திரும்பக் கொடுக்க வேண்டிய டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஏனென்றால் அது சேவைக்கான விலையே அல்ல. உங்கள் பில்லில் 1,000-க்கு வரி போடவில்லை. எனவே அது திரும்பி வர வேண்டிய பணம். அதே இடத்தில் 1,180 என்று இருந்தால், டெபாசிட் என்று வாயால் சொன்னாலும் கட்டணமாகத்தான் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கேளுங்கள். இணைப்பை விடும்போது ரவுட்டரையும் அதன் அடாப்டரையும் ஒப்படைத்து, பெட்டியின் சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள். அந்த ரசீது இல்லாவிட்டால் டெபாசிட் பணம் மூழ்கிப்போகலாம்.

அரசுக்கென்று உங்கள் பில்லில் வரக்கூடியது ஜிஎஸ்டி மட்டும்தான். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருமானத்தில் 8 சதவீதம் உரிமக் கட்டணம் கட்டுவது உண்மை. அது அவர்கள் பாடு. அரசின் வரி என்று சொல்லி உங்கள் தலையில் ஏற்றுவதற்கில்லை. ‘சர்வீஸ் சார்ஜ்’, ‘மெயின்டனன்ஸ்’, ‘நெட்வொர்க் சார்ஜ்’ என்று எது வந்தாலும் அது கம்பெனி போட்ட விலை. தாமதக் கட்டணத்துக்கும் 18 சதவீதம் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 100 ரூபாய் என்றால் 118.

டெல்டாவின் சிற்றூர்களில் இன்னொரு சிக்கல். கேபிள் டிவி நடத்துபவரே இணைய இணைப்பும் கொடுக்கிறார். “டேக்ஸ் தனிங்க” என்று 90 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு தருவார். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. விற்பனையில் ஒரு சிறு பங்கை வரியாகத் தாமே கட்டும் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் இருப்பவரும் வாங்கக் கூடாது. பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் முதல் இரண்டு இலக்கம் 33. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பாத்திரக்கடையோ அரிசி ஆலையோ வைத்திருந்து உங்களுக்கே ஜிஎஸ்டி பதிவு இருந்தால், இணைப்பைக் கடை பெயரில் எடுத்து உங்கள் எண்ணைப் பில்லில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த வரியை, நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

இனி போன். ‘இலவச லேண்ட்லைன்’ என்றால் ரவுட்டரில் ஒரு போன் துளை இருக்கும், அவ்வளவுதான். கருவியை நீங்கள்தான் வாங்க வேண்டும். அன்லிமிடெட் என்பது உள்ளூருக்கும் எஸ்டிடிக்கும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ அந்தப் போனில் பேசினால் ஐஎஸ்டி கட்டணம் தனி, அதற்கு மேல் ஜிஎஸ்டி. வேண்டாம் என்றால் முதல் நாளே ஐஎஸ்டியை அடைக்கச் சொல்லிவிடுங்கள். பழைய 0435 எண்ணை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துப்போகும் வசதி லேண்ட்லைனில் இல்லை. எண் முக்கியம் என்றால் அதே நிறுவனத்திலேயே செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றிக் கேளுங்கள்.

பில்லில் வராத செலவு ஒன்று உண்டு. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபர் போன் ரவுட்டர் அணைந்த நொடியே செத்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ரவுட்டர் அடாப்டரின் முதுகில் ‘12 வோல்ட், 1 ஆம்பியர்’ அல்லது ‘2 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருக்கும். அதற்குக் குறையாத ஆம்பியர் கொடுக்கும் யுபிஎஸ்ஸாக வாங்குங்கள். குறைந்தால் ரவுட்டர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும், பழி லைன்மேன் மேல் விழும். நாள்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் இதுவும் கைகொடுக்காது. கூடவே ஒரு மொபைல் இருக்கட்டும்.

யுபிஎஸ்ஸுக்கு 1,500, போன் கருவிக்கு 800 என்று வையுங்கள். வரியோடு 12 மாத வாடகை 7,065.84, இன்ஸ்டலேஷன் 590. மொத்தம் 9,955.84. முதல் வருடத்தில் மாதம் 830 ரூபாய் சுமாருக்கு வருகிறது, டெபாசிட் நீங்கலாக. எந்தக் கம்பெனியை ஒப்பிட்டாலும் இந்த 12 மாதக் கணக்கைப் போட்டு ஒப்பிடுங்கள். ஆறு மாதம் முன்பணம் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். நடுவில் விட்டால் மீதி திரும்புமா என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். எத்தனை மீட்டர் ஒயர் இலவசம் என்றும் கேளுங்கள். தெருவிலிருந்து தோப்பைத் தாண்டி உள்ளே இருக்கும் வீடுகளுக்கு இங்கேதான் செலவு கூடும்.

அமெரிக்காவில் இருக்கும் மகளின் இன்டர்நெட் போன் பில்லையும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே நிலவரம் வேறு. 2006 முதல் இன்டர்நெட் போன் கம்பெனிகளும் எல்லாருக்கும் தொலைபேசி வசதி கிடைப்பதற்கான மத்திய யுனிவர்சல் சர்வீஸ் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். மாநிலம் விட்டு மாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் பேசும் அழைப்புகளின் வருமானப் பங்கின் மேல் கணக்கிடும் அந்த விகிதம் 2025-ல் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கலாம், விகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 911 கட்டணம் அவசர அழைப்புச் சேவைக்குப் போகிறது. ‘ரெகுலேட்டரி ரெகவரி ஃபீ’ என்று இருப்பது வரி அல்ல; கம்பெனி தன் செலவுக்குத் தானே போட்டது. அதைத்தான் பேசிக் குறைக்க முடியும்.

உங்கள் பில்லுக்கு வருவோம். 499 என்று வந்த விளம்பரத்தையோ வாட்ஸ்அப் செய்தியையோ பத்திரப்படுத்துங்கள். முதலில் குறைந்த விலையைக் காட்டிப் பிறகு கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது, மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. கம்பெனியின் புகார் எண்ணில் பேசி, புகாரைப் பதிந்ததற்கான டாக்கெட் எண் வாங்குங்கள். வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது என்பதால் அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் தஞ்சாவூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணம் இல்லை. மனுவோடு பில், விளம்பரம், டாக்கெட் எண், பணம் கட்டிய ரசீது இந்த நான்கையும் இணையுங்கள்.