விஷத்தை உடம்புக்குள்ளேயே உடைக்கும் மருந்து வந்துவிட்டதா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். போன மாதம் மருந்தடித்துவிட்டு வந்த அப்பா, எச்சில் வடிய மயங்கிவிட்டார். மதுரையில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டார். நரம்பு விஷத்தை உடம்புக்குள்ளேயே உடைக்கும் மருந்து வந்திருக்கிறதாமே, வாங்கி வீட்டில் வைக்கலாமா?

பதில்: அப்பா தேறியது பெரிய நிம்மதி. நீங்கள் கேட்கும் மருந்து இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, கடையில் கிடைக்காது.

புரொபெனோபாஸ் போன்ற பூச்சிமருந்துகளும், 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பப்பட்ட சாரின் என்ற நரம்பு விஷமும் ஒரே குடும்பம். நரம்பு விடும் சேதியை வேலை முடிந்ததும் அழிப்பது அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி. விஷம் அதை முடக்கிவிடும். சேதி நிற்காமல் ஓடும். எச்சில், வியர்வை, சுருங்கிய கண்மணி, நெஞ்சு நிறையச் சளி எல்லாம் அதனால்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் போடும் அட்ரோபின் விஷத்தைத் தொடுவதே இல்லை. நெஞ்சைக் காயவைத்து மூச்சைக் காப்பாற்றும். உயிரைப் பிடித்து வைப்பது அதுதான். நொதியில் ஒட்டிய விஷத்தைப் பிய்த்தெடுப்பது பிராலிடாக்சிம். ஆனால் ஒட்டியது நேரமாக ஆக இறுகிவிடும். சோமான் என்ற போர் விஷம் சில நிமிடங்களிலேயே இறுகும். பூச்சிமருந்துக்கு, வகையைப் பொறுத்து, சில மணி நேரம் முதல் ஒன்றிரண்டு நாள்வரை. இறுகியபின் பிராலிடாக்சிம் பலிக்காது.

அதனால்தான் புதிய மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். மனித ரத்தத்திலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸைப் பிரித்து ஏற்றினால், விஷத்தை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. ஒரு விஷ மூலக்கூறைப் பிடித்ததும் அதன் வேலை முடிந்தது. அதனால் நிறைய வேண்டும், செலவும் எக்கச்சக்கம். எனக்கு அதிக நம்பிக்கை பாஸ்போட்ரைஎஸ்டெரேஸ் மீதுதான். மண் பாக்டீரியாவில் கண்டெடுத்த இந்த நொதி, ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அந்நியப் புரதம் என்று உடம்பு எதிர்க்காமல் இருக்கவும், ரத்தத்தில் நெடுநேரம் தங்கவும் அதை மாற்றியமைக்கப் பாடுபடுகிறார்கள்.

சரி, மறுபடி யாருக்காவது இப்படி ஆனால்? கையுறை போட்டுக்கொண்டு, மருந்து பட்ட துணியைக் கழற்றுங்கள். தலைமுடி உட்பட சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோல் வழியாகவும் விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மருந்துப் பாட்டிலை லேபிளோடு கவரில் கட்டி எடுத்துப் போங்கள். எந்த வகை என்று தெரிந்தால்தான் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று டாக்டர் கணிக்க முடியும்.

அப்பா இப்போதைக்கு மருந்தடிக்கவே வேண்டாம். போன நொதி மறுபடி ஊற வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கொஞ்சம் பட்டாலும் பழையபடி படுக்கவைத்துவிடும். கோலினெஸ்டெரேஸ் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்ற பிறகு தோட்டத்துக்கு அனுப்புங்கள்.