கவுன்சிலரம்மா பதில்கள்: கம்பத்து நம்பரைச் சொல்லுங்கள்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதி சாலையைப் பற்றி. மீதியில் பாதி நாயைப் பற்றி. ஒரே ஒரு கடிதம் நான் கட்டும் சேலையைப் பற்றி. அதற்குப் பதில் கிடையாது. எங்கள் ஊர் எது, வார்டு எண் என்ன என்று இந்த முறையும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். மாமன்றக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்.

ஊர் பெயர் வேண்டாம் என்ற வாசகர்: எங்கள் தெருவில் தார் ரோடு போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குழாய் பதிக்க வேண்டும் என்று நடுவே வெட்டிவிட்டார்கள். ஒரே ஆபீசில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்களா?

போட்டவரும் வெட்டியவரும் பெரும்பாலும் ஒரே ஆபீஸ் இல்லை. தெருச்சாலை மாநகராட்சிப் பொறியியல் பிரிவுடையது. பஸ் போகிற பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. பெரிய குடிநீர்த் திட்டம், பாதாளச் சாக்கடை இரண்டையும் பல ஊர்களில் குடிநீர் வடிகால் வாரியம் செய்கிறது. கரன்ட் கேபிள் மின்வாரியம், இன்டர்நெட் கேபிள் தனியார். ஒவ்வொருவருக்கும் தனி டெண்டர், தனி கான்ட்ராக்டர், மார்ச்சுக்குள் முடிக்க வேண்டிய தனிக் கணக்கு.

இதைச் சொல்லிவிட்டு நான் நழுவிவிடலாம். ஆனால் என் வார்டில் ஒரு தெருவை வெட்ட வைத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. கோயில் தெரு. ஆடி மாதம் சப்பரம் வருவதற்குள் ரோடு வேண்டும் என்று பெண்கள் வந்து நின்றார்கள். உதவிப் பொறியாளர், வயதில் என் தம்பி மாதிரி, "மேடம், குழாய் வேலைக்கு எஸ்டிமேட் போயிருக்கு, ஆறு மாசம் பொறுங்க" என்றார். நான் பொறுக்கவில்லை. மண்டலக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சத்தம் போட்டு ரோட்டை வாங்கினேன். சப்பரம் குலுங்காமல் போனது. எனக்குத் துண்டு போர்த்தினார்கள். ஐந்தாவது மாதம் அதே தெருவை நடுவே பிளந்தார்கள். தெருக்காரர்கள் அந்தப் பையனைத்தான் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது யாராவது ரோடு கேட்டு வந்தால், "கீழே என்ன வேலை பாக்கி இருக்கு?" என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். சாலையை வெட்டுகிறவர் மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். திரும்பச் சரிசெய்வதற்கான பணத்தையும் கட்ட வேண்டும். அதனால் "ஏன் வெட்டினீர்கள்" என்று கேட்டுப் பயனில்லை. அனுமதி யார் பெயரில் இருக்கிறது, சீரமைப்புப் பணம் கட்டியாயிற்றா, பள்ளத்தை மூடி ஒட்டுப் போடுவது எந்தத் தேதி என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். வாய்ப் புகாருக்கு வாயில்தான் பதில் வரும்.

இன்னொன்றும் பாருங்கள். மறுபடி தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா என்று வாசலில் நின்று கவனியுங்கள். மில்லிங் என்பார்கள். இறையன்பு தலைமைச் செயலாளராக இருந்தபோது, 2021-இல், சுரண்டாமல் போடக் கூடாது என்று எல்லாத் துறைக்கும் எழுதினார். சுரண்டாவிட்டால் ரோடு வருஷா வருஷம் ஏறும். உங்கள் வீடு இறங்கும். மழைத் தண்ணீருக்கு எந்தப் பக்கம் பள்ளம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாசகர், விருதுநகர்: கவுன்சிலருக்குச் சம்பளம் எவ்வளவு? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2023 ஜூலை முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சியில் 2,500. மேயருக்கு 30,000. அதற்கு முன்னால் கூட்டத்துக்குப் போனால் அமர்வுப் படி, அவ்வளவுதான்.

என் செலவைக் கேட்கவில்லையே! வைகாசியில் மட்டும் பதினேழு கல்யாணப் பத்திரிகை வந்தது. கவுன்சிலர் மொய் நூற்று ஒன்று எழுத முடியாது. காதுகுத்து, சடங்கு, புதுமனை தனி. துக்க வீட்டுக்கு மாலை. பதவிக்கு வருமுன் நான் வீட்டில் தையல் கடை வைத்திருந்தேன். இன்னும் மூடவில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் பிளவுஸ் தைக்கிறேன். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசகி, காரைக்குடி: எங்கள் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. வீட்டு வரி ஏறுமா என்று பயமாக இருக்கிறது.

2024-இல் உங்கள் ஊரோடு புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சி ஆயின. தமிழ்நாட்டில் இப்போது மொத்தம் 25. பலகை மாறியதற்காக மட்டும் வரிச்சீட்டு மாறாது. வரியை உயர்த்த வேண்டுமானால் தனியாக அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், மன்றத் தீர்மானம் எல்லாம் உண்டு. ஆட்சேபணைக்குக் கொடுக்கும் அந்த நாட்களை யாரும் கண்டுகொள்வதில்லை. சீட்டு வந்த பிறகுதான் என் வாசலுக்கு வருகிறார்கள்.

2022-இல் ஏறியது நினைவிருக்கும். 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வரியை உயர்த்தாவிட்டால் மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய பதினைந்தாவது நிதிக்குழு மானியம் வராது என்று எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் பதவியேற்றது மார்ச் 2-ஆம் தேதி. ஏப்ரலில் வரி அறிவிப்பு. நாற்காலி சூடாவதற்குள் நானும் கை தூக்கினேன். தூக்கவில்லை என்று இங்கே எழுதினால், கூட்டத்தில் நடந்ததைப் பதிகிற மினிட்ஸ் புத்தகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது: சீட்டில் போட்டிருக்கும் சதுர அடி சரியா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். குடியிருப்பு என்பதற்குப் பதில் கடை என்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வார்டில் ஒரு பாட்டியம்மா திண்ணையில் நாலு கட்டுக் கீரை விற்றதற்கு வீட்டையே வணிகக் கட்டிடம் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். மாற்ற மூன்று மாதம் ஆனது. அப்புறம், அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சம் 5,000 ரூபாய்.

வரியைவிடப் பெரிய அடி, மாநகராட்சியோடு சேர்க்கப்படும் பக்கத்து ஊராட்சிக்காரர்களுக்குத்தான். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும் உள்ளது. எல்லைக்கோடு நகர்ந்தால் அந்தக் கூலி போய்விடும். ஆடு மேய்க்கிற இடம் அப்படியே இருக்கும். பெயர் மட்டும் மாநகரம். இணைப்பை எதிர்த்து மனு கொடுக்கிற கிராமத்துப் பெண்களை, வளர்ச்சி வேண்டாம் என்கிறார்கள் பார் என்று கேலி பேசுகிறவர்கள் அந்தக் கூலியில் ஒரு வாரம் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

வாசகர், தாம்பரம்: தெருநாய்களைப் பிடித்துப் போகிறார்கள், நாலு நாளில் அதே நாயைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். இது என்ன கூத்து?

கூத்து இல்லை, சட்டம். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, பதினொரே நாளில் அதைத் திருத்தியது. வெறி பிடித்தது, ஆளைப் பாய்ந்து கடிப்பது தவிர மற்றவை பழைய இடத்துக்கே என்று அப்போது சொன்னது. சோறு வைக்க வார்டுக்கு வார்டு தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. அந்த இடம் எது என்று முடிவு செய்ய என் வார்டில் கூடினோம். எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க தெரு வேண்டாம்."

திரும்ப விட்ட நாயின் காதைப் பாருங்கள். ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது. வெட்டு இல்லாத நாய்கள் எந்தத் தெருவில் எத்தனை என்று எண்ணிக் கொடுத்தால், வண்டியை அங்கே அனுப்பச் சொல்லி என்னால் கேட்க முடியும். "நாய்த் தொல்லை அதிகம்" என்ற மனுவை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கடித்துவிட்டால் மட்டும் கவுன்சிலருக்குப் போன் போடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வாசகி, ஈரோடு: பேத்திக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்துவிட்டோம். இப்போது எட்டு மாதம்.

இன்னும் நேரம் இருக்கிறது. பதிந்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் எண்கணித ஜோதிடரிடம் போகிற வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள். சேர்த்த பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டுவது லேசான காரியம் இல்லை.

வாசகர், நாகர்கோவில்: ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறதாமே? கிராம சபை தெரியும். இது எதற்கு?

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்கச் சட்டம் கொடுத்த இடம் அது. வார்டைச் சில ஏரியாக்களாகப் பிரித்து, அந்தந்த ஏரியா வாக்காளர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். வார்டு உறுப்பினர் தலைமை. நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சாசனத்தில் இடம் கொடுத்த 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் ஏரியா சபைக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. நடுவில் 2016-இலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். மக்கள் கேட்கிற பழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினம். மாநகராட்சிப் பள்ளியில் என் முதல் சபை. அறுபது நாற்காலி போட்டேன், டீ சொல்லியிருந்தேன். வந்தது பதினொரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் எழுந்து "எல்லாம் மோசம்" என்றார், கைதட்டினார்கள். இன்னொருவர் நாட்டு நடப்பைப் பேசினார். ஒரு மணி நேரம் போய்விட்டது. கடைசியில், மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர், இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, "என் கடை முன்னால இருக்கிற கம்பத்துல லைட் மூணு வாரமா எரியல, நம்பர் இதுதான்" என்று ரசீதின் பின்பக்கம் எழுதிய சீட்டைக் கொடுத்தார். அன்றைய சபையில் மினிட்ஸில் ஏற்றும்படியாக எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சீட்டுதான். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. மற்றப் பத்துப் பேரின் குறை இன்னும் காற்றில்தான் இருக்கிறது.

கவுன்சிலருக்குக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கிற அதிகாரம் இல்லை. அது ஆணையரிடம். எனக்கு வாய் இருக்கிறது, மன்றத்தில் ஒரு ஓட்டு இருக்கிறது. எஸ்டிமேட், தீர்மானம், டெண்டர், ஒர்க் ஆர்டர் என்று ஒரு காகிதம் நாலு மேஜை தாண்ட வேண்டும். முதல் மேஜையிலேயே "எந்த இடம்?" என்று கேட்பார்கள். கம்பத்து நம்பர், எந்த வீட்டு எதிரில் அடைப்பு, எத்தனை அடி நீளம் என்று இருந்தால் காகிதம் நகரும். சபையின் மினிட்ஸில் அது ஏறிவிட்டால், "ஏன் இன்னும் ஆகவில்லை" என்று அடுத்த சபையில் என்னையே நிற்க வைத்துக் கேட்கலாம். கேட்கிறார்கள். இட்லிக் கடை அக்கா போன சபைக்கு ஏழு பெண்களோடு வந்தார், கையில் ஏழு சீட்டு. எனக்கு வியர்த்துவிட்டது.

வாசகர், பெயர் போடாதவர்: பெண் கவுன்சிலர் என்றால் நிஜத்தில் நடத்துவது புருஷன்தானே?

2016-இல் நம் மாநிலம் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் போட்டதிலிருந்து இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. சில வார்டுகளில் நீங்கள் சொல்வது உண்மை. நான் மறைக்கப் போவதில்லை. என் வார்டிலும் முதல் ஆறு மாதம் "கவுன்சிலர் சார்" என்று என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் கொஞ்சம் ரசித்தார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் குடிநீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு நாற்பது பேர் வந்தபோது, "கவுன்சிலர் உள்ளே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக டீக்கடைக்குப் போய்விட்டார். அன்றோடு அந்தப் பட்டம் தீர்ந்தது.

இப்போது என்னை டி.வி.எஸ். ஃபிப்டியில் கூட்டத்துக்குக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. கூட்டம் முடியும்வரை மாநகராட்சி வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பார். அங்கே இவரைப் போலவே ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். தனியாக வாட்ஸ்அப் குழுகூட வைத்திருக்கிறார்கள். அதில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால், வண்டி மைலேஜ் என்கிறார்.