அங்கோரா முயலுக்கு அடியில் என்ன விரிப்பது? – கேள்வி பதில்

பதினோரு வருடமாகக் கோயம்புத்தூர் வீட்டில் இங்கிலீஷ் அங்கோரா என்ற நீள முடி முயல் வளர்க்கிறேன். இப்போது மூன்று இருக்கின்றன. நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதனால் மருந்து அளவு கேட்காதீர்கள். கூண்டுத் தரை, விரிப்பு, சிக்கு, நாற்றம் என்றால் தாராளமாகக் கேளுங்கள். எல்லாத் தப்பையும் ஒரு முறையாவது செய்து பார்த்தவள்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, முடி நீளமான முயலுக்குக் கம்பி வலைத் தரைதான் சரி என்று விற்றவர் சொன்னார். கம்பியில் விடுவது பாவம் என்கிறார் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. இமாச்சலத்தில் குல்லு பக்கம் கார்சாவில் மத்திய அரசின் ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் அங்கோராவைக் கம்பளிக்காகத்தான் வளர்க்கிறார்கள். விற்கிற முடியில் அழுக்குப் படக்கூடாது, அதனால் பண்ணைகளில் வலைத் தரை வழக்கம். புழுக்கை, சிறுநீர் எல்லாம் கீழே போய்விடும். நமக்குக் கம்பளி விற்கிற வேலை இல்லை, ஆனால் "ஈரம் உடனே கீழே போகணும்" என்ற பாடம் நமக்கும் உண்டு.

இன்னொரு பக்கம், நாய் பூனைக்கு இருப்பதுபோல முயலுக்குப் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது. முடி மட்டும்தான். மெல்லிய கம்பியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் குதிகால் பக்கம் அந்த முடி தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். புண் வந்த பிறகு ஆற்றுவது பெரும்பாடு.

அதனால் கலந்து வையுங்கள். என் கூண்டு நாலடிக்கு இரண்டரை அடி. ஒரு மூலையில் மட்டும் வலை போட்ட ட்ரே, மீதி இடம் சமதளம். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அது எந்த மூலை என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு ட்ரேயை அங்கே கொண்டு போங்கள், நீங்கள் விரும்புகிற மூலைக்கு முயலை வரவைக்கப் பார்க்காதீர்கள். கம்பி தடிமனாக, கண் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம் இருக்கட்டும். குட்டி என்றால் இன்னும் சின்னக் கண், இல்லாவிட்டால் கால் உள்ளே போய் மாட்டும்.

வாரம் ஒரு முறை மடியில் உட்கார வைத்துப் பின்னங்காலின் அடியைப் பாருங்கள். முடியை விலக்கினால் தோல் வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கணும். சொட்டையாக, சிவப்பாக இருந்தால் அன்றைக்கே தரையை மாற்றுங்கள்.

ஈரோட்டிலிருந்து: வீட்டுப் பக்கத்திலேயே மர அறுவை மில். தூள் மூட்டை மூட்டையாக இலவசம். மூன்று அங்குலத்துக்குக் கொட்டிவிடலாமா?

வேண்டாம். இது என் சொந்த அனுபவம். முதல் வருடம், ஒரு சாயங்காலம் மெத்தை மாதிரி மரத்தூள் பரப்பி, பார்க்க எவ்வளவு அழகு என்று போட்டோவும் எடுத்தேன். காலையில் பார்த்தால் முயலின் தாடையிலிருந்து தொடை வரை தூள். வயிற்றுப் பக்கம் சிறுநீரோடு சேர்ந்து குழைந்து, காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்துத் தொங்கியது. சீப்பு இறங்கவில்லை. கத்திரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. முயலின் தோல் காகிதம் மாதிரி. சடையை இழுத்துப் பிடித்தால் தோலும் கூடவே கூடாரம் போல எழுந்து வரும், எங்கே முடி முடிகிறது எங்கே தோல் தொடங்குகிறது என்றே தெரியாது. சடைக்கும் தோலுக்கும் நடுவில் முதலில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்டணும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

குட்டை முடி முயல் உடம்பை ஒரு உதறு உதறினால் தூள் போய்விடும். அங்கோராவுக்கு எது உதிரியாக இருக்கிறதோ அதெல்லாம் முடிக்குள் குடிவந்துவிடும். முயல் மூக்கால்தான் மூச்சு விடும், வாயால் விடாது. பொடி நெடி ஏறினால் தும்மலில் தொடங்கி மூச்சுத் தொல்லை வரை போகும். போதாக்குறைக்கு மில்லில் எந்த மரத்தின் தூள், எந்தப் பசையொட்டிய பலகையின் தூள் என்று யாருக்குத் தெரியும்? வாசனை தூக்கலாக வரும் பைன், சிடார் சீவல்களும் ஆகாது. அந்த வாசனைப் பொருள் ஈரலைப் பாதிக்கும்.

மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் கிடைத்தால் ட்ரேயில், வலைக்கு அடியில் போடலாம். நனைந்தால் உப்பித் தூளாகும், ஆனால் வலைக்குக் கீழே என்பதால் முடியைத் தொடாது.

பொள்ளாச்சியிலிருந்து: எங்கள் ஊரில் தேங்காய் நார்த்தூள்தான் மலிவு. அது?

அதே கதைதான். வலைக்கு அடியில் நன்றாக வேலை செய்யும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே போட்டால் வெள்ளை முயல் பழுப்பு முயலாகும், நார் இழை சிக்கில் பின்னிக்கொள்ளும். நெல் உமிக்கும் இதே தீர்ப்பு. பயன்படுத்திய தூளைப் புழுக்கையோடு அப்படியே செடிக்குப் போடுங்கள். என் ரோஜா நான்கைக் காப்பாற்றுவது இதுதான்.

மதுரையிலிருந்து: அக்கா, சித்திரை வெயிலுக்கு வழுவழு டைல்ஸில் விட்டிருக்கிறேன். படுக்கும்போது சந்தோஷமாகப் படுக்கிறான், எழுந்து நடந்தால் கால் அகன்று வழுக்குகிறது.

பாதத்தில் முடி என்பதால் வழுக்கத்தான் செய்யும். தினமும் வழுக்கினால் இடுப்பும் மூட்டும் கெடும். குளிர்ச்சியை விட்டுவிடாதீர்கள், வழவழப்பை மட்டும் மாற்றுங்கள். பாலிஷ் போடாத கடப்பாக் கல் துண்டு அருமையானது. குளியலறைக்குப் போடும் சொரசொர டைல்ஸும் சரி. ஓட்டத்துக்கு ஒரு பாய், படுக்கைக்கு ஒரு கல் என்று இரண்டும் இருந்தால் அவனே தேர்ந்துகொள்வான். வழுக்குகிறதே என்று பாதத்தின் அடிமுடியை வெட்டிவிடாதீர்கள். அவனிடம் இருக்கும் ஒரே செருப்பு அது.

முப்பது டிகிரி தாண்டினாலே முயலுக்கு ஆபத்து, இந்த முடியோடு மதுரை மே மாதம் கேட்கவே வேண்டாம். மார்ச்சிலேயே முடியை ஒரு அங்குலத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஐஸ் பாட்டில் வைப்பதானால் பழைய துணி சுற்றிக் கல்லின் மேல் வையுங்கள். பாயின் மேல் வைத்தால் பாட்டில் வியர்த்து, பாய் நனைந்து, வயிறு ஈரமாகும். குளிர வைக்கப் போய்ச் சடை வாங்கிவந்த கதை ஆகிவிடும்.

கூனூரிலிருந்து: இங்கே குளிர், எப்போதும் மூடுபனி. வைக்கோலை நிறையப் போடலாமா?

குளிரை அவளே பார்த்துக்கொள்வாள், உடம்பில் ஸ்வெட்டரோடுதான் பிறந்திருக்கிறாள். உங்களுக்கு எதிரி ஈரக்காற்று. படுக்கும் பெட்டியில் மட்டும் நீளமான, பொடி உதறிய வைக்கோல் போடலாம். கதிரின் கூரான முள் இருந்தால் கிள்ளி எடுங்கள், கண்ணில் குத்தும். வைக்கோலைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாடை அடித்தால் பூஞ்சணம், வெளியே போடுங்கள்.

புல் தொட்டியைத் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறீர்களா? பலரும் செய்கிற தப்பு. இழுக்கும்போதெல்லாம் துணுக்குகள் கழுத்திலும் தோளிலும் கொட்டி, அங்கேதான் முதல் சடை விழும். மார்பு உயரத்துக்கு இறக்குங்கள்.

சென்னையிலிருந்து: டவல், சாக்கு, ஃபிளீஸ் துணி, எது நல்லது? இவள் எல்லாவற்றையும் கடிக்கிறாள்.

டவலில் நூல் வளையங்கள் இருக்கும், நகம் மாட்டும். சாக்கு நீள நீளமாகப் பிரியும். ஃபிளீஸ் பிரியாது, ஆனால் உங்கள் முயல் கடித்து விழுங்குகிறாள் என்றால் அதுவும் வேண்டாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஏற்கெனவே நக்கி நக்கித் தன் முடியையே விழுங்குகிற ஜாதி, அதோடு நூலும் சேர்ந்தால் குடல் நின்றுபோகும்.

என் ஓட்டு கோரைப்பாய்க்கு. சாயம் போடாத வெறும் பாய். கடித்தாலும் அது புல்தான், தரையைப் பிடித்து நிற்கும், முடியில் ஒட்டாது, துடைத்து வெயிலில் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். வாங்கியதும் ஓரத்தில் தைத்திருக்கும் துணிப்பட்டையைப் பிரித்துவிடுங்கள், அதைத்தான் முதலில் கடிப்பாள். பாவு நூல் தொங்கினால் கத்தரித்துவிடுங்கள். கூண்டளவுக்கு இரண்டு துண்டு வைத்துக்கொண்டால் ஒன்று உள்ளே, ஒன்று மொட்டை மாடியில்.

திருச்சியிலிருந்து: பின்புறம் முடி ஈரமாக இருக்கிறது, ஈ சுற்றிக்கொண்டே இருக்கிறது. குளிப்பாட்டட்டுமா?

இதைப் படித்ததும் எழுந்து போய் முடியை விலக்கிப் பாருங்கள். குட்டி அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஈ முட்டை. ஒரு நாளுக்குள் புழுவாகிச் சதையைத் தின்னத் தொடங்கும். முட்டையோ புழுவோ இருந்தால் இன்றைக்கே மருத்துவர், நாளைக்கு அல்ல. மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைன், கற்பூர எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு விஷம். குளிப்பாட்டவும் வேண்டாம், நனைந்த அங்கோரா முடி கம்பளி மாதிரி இறுகிவிடும்.

மீண்டும் திருச்சி: பார்த்துவிட்டேன் அக்கா, முட்டை இல்லை. கறுப்பாகப் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது.

அப்பாடா. அது மென்புழுக்கை, முயல் சத்துக்காகத் தானே திரும்பத் தின்கிற மெதுவான புழுக்கை. வாய் எட்டவில்லை, அல்லது தீவனம் அதிகமாகி மிச்சம் வைக்கிறான். ஆசனவாயைச் சுற்றியும் பின்தொடையிலும் முடியை அரை அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள், பெல்லட் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். விரிப்பைத் தினமும் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலத்திலிருந்து: நாற்றத்துக்குப் பினாயில் போட்டுக் கழுவுகிறேன். போதுமா?

பினாயில் வேண்டாம், நக்குகிற உயிர். ட்ரேயில் வெள்ளையாகப் படிவது சிறுநீரில் வரும் சுண்ணாம்பு, அதற்கு வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். பிளீச்சிங் பவுடரை வினிகரோடு சேர்த்துவிடாதீர்கள், கழுவாத சிறுநீர் மேலும் போடாதீர்கள். விஷ வாயு வரும். நாற்றம் இருக்கிறதா என்று நின்றுகொண்டு பார்க்கக் கூடாது. குனிந்து, முயலின் மூக்கு உயரத்தில் முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் அவனுக்கும் எரிகிறது.

நாகர்கோவிலிலிருந்து: பூனைக்கு வாங்கிய கட்டியாகும் மண் மிச்சம் இருக்கிறது…

பூனைக்கே இருக்கட்டும். முயல் தின்றால் வயிற்றுக்குள்ளும் கட்டியாகும்.

தஞ்சாவூரிலிருந்து: எங்களுடையது லயன்ஹெட், பிடரி மட்டும்தான் நீளம். இவ்வளவும் தேவையா?

அடிவயிற்றுக் கவலை குறைவு. கோரைப்பாயும் மூலை ட்ரேயும் போதும். உங்களுக்குத் தொல்லை தண்ணீர்க் கிண்ணத்தில். குனிந்து குடிக்கும்போது பிடரி நனைந்து, தாடைக்குக் கீழே சடை விழும். நக்கினால் தண்ணீர் வரும், முனையில் உருண்டை உள்ள பாட்டிலுக்கு மாறினால் பிடரி தப்பும், ஆனால் பாட்டில் சொட்டும். அதற்கு நேர் கீழே விரிப்பு போடாமல் ஒரு டைல்ஸ் துண்டை வைத்துவிடுங்கள்.