பழைய வீடியோ கேம்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கேம் கருவி போலவே கேம்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு மரியோ, கான்ட்ரா, டாங்க் கேம் மூன்றும் விளையாடினேன். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் வீடியோ கேம் இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் கிடப்போம். அதே சந்தோஷம் இப்போதும் வந்தது. என் நண்பனோ, "அது உன் சின்ன வயசு ஞாபகம், கேம்ல ஒண்ணுமில்ல" என்கிறான். அப்படியா? பத்து வயது மகனுக்கு இவற்றைக் காட்டலாமா? அப்புறம், ஓடாத கேம் கேசட்டைக் கழற்றி ஊதினால் நிஜமாகவே வேலை செய்யுமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

ஊதுவதை முதலில் முடித்துவிடலாம். ஊதியதால் பலன் இல்லை. கழற்றித் திரும்பச் செருகும்போது உள்ளே இருக்கும் பின்கள் சரியாகப் பதிந்துவிடும், கேம் ஓடும். மூச்சின் ஈரம் பின்களை அரிக்கத்தான் செய்யும்.

உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியை வெளியிட்டது. நம் ஊர் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். பெட்டியில் விளையாட்டைப் பற்றிய குறிப்புப் புத்தகம் எதுவும் இருக்காது. திரையில் வரும் ஆங்கிலத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் விளையாடினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரே மாலையில் தெருவே கற்றுக்கொண்டது. எப்படி? கேமே சொல்லிக்கொடுத்தது.

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் ஸ்டேஜை நினைத்துப் பாருங்கள். மரியோ திரையின் இடது ஓரத்தில் வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். எதிரே காலியிடம். போக வேண்டிய திசை அதுதான் என்று புரிந்துவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு கட்டம் மின்னுகிறது, எதிரே முறைத்துக்கொண்டு ஒரு ஜந்து வருகிறது. தாண்டத் தெரியாவிட்டால் அவுட். ஆனால் ஆரம்பித்துச் சில நொடிதான் ஆகியிருக்கிறது, அதனால் நஷ்டமில்லை. அடுத்த கேள்விக்குறிக் கட்டத்தைத் தலையால் முட்டினால் காளான் வருகிறது. அது வலப்பக்கம் ஓடிப்போய்க் குழாயில் மோதி, திரும்பி நம்மிடமே வருகிறது. பயந்து குதித்தாலும் மேலே இருக்கும் செங்கல்லில் தலை இடித்துக் காளான் மேலேயே விழுகிற வாய்ப்பு அதிகம். மரியோ பெரிதாகிறான்! காளான் நல்லது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் கற்றாயிற்று. இப்படித் திட்டமிட்டே அமைத்ததாக அந்த கேமை உருவாக்கிய மியாமோட்டோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதே ஸ்டேஜின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். நடுவில் தரை இருக்கும், தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் அதேபோல இன்னொரு ஜோடி வரும். இந்த முறை நடுவில் பள்ளம். முதலில் ஆபத்தில்லாமல் பழக்கிவிட்டு, அதே தாவலை அடுத்து உயிரைப் பணயம் வைத்துச் செய்யச் சொல்கிறார்கள். நீச்சல் பழக்குகிறவர் முதலில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிடுவதைப் போல.

இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள். இன்று போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. கருவியின் வேலை நினைவகம் (ரேம்) வெறும் 2 கிலோபைட். மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இடம் இல்லாததால் ஒவ்வொன்றையும் யோசித்து வைக்க வேண்டியிருந்தது. இப்போதைய பல கேம்கள் முதல் அரை மணி நேரம் "இதை அழுத்து, அங்கே போ" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நானே கண்டுபிடித்தேன் என்ற மகிழ்ச்சியை அது பறித்துவிடுகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

மகனுக்குக் கட்டாயம் காட்டுங்கள். டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் மரியோ குதிப்பான். பொம்மைத் துப்பாக்கியால் திரையில் வாத்து சுடும் கேமைப் பழைய துப்பாக்கியை வைத்துப் புது டிவியில் விளையாட முடியாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் பிடிக்கும். எல்சிடி டிவி அதைத் தாமதமாகக் காட்டுவதால் கணக்கு தப்பிவிடும்.

நான் டாங்க் கேமிலிருந்து தொடங்குவேன். நாம்கோ நிறுவனம் 1985-ல் வெளியிட்ட பேட்டில் சிட்டிதான் அது. இரண்டு பேர் சேர்ந்து கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். நம் குண்டு கூட்டாளி மேல் பட்டால் அவர் டாங்க் கொஞ்ச நேரம் நகராது. கழுகின் மேலேயே பட்டால் ஆட்டம் முடிந்தது. எத்தனை வீடுகளில் எவ்வளவு சண்டை! மெனுவில் மூன்றாவதாக கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று இருக்கும். செங்கல், இரும்பு, தண்ணீர், காடு எல்லாம் வைத்து நாமே ஸ்டேஜ் கட்டலாம். அந்தக் காலத்தில் கரண்ட் போனால் கட்டியதெல்லாம் போய்விடும், எமுலேட்டரில் சேவ் செய்துகொள்ளலாம். முதல் ஸ்டேஜை அவனே கட்டட்டும். மஞ்சள் டாங்க்கை அவனுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள்.