கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்துவிட்டது, நானே மாற்றலாமா?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூர் தாமான் டேசா பக்கம் ஒரு செமி-டி வீட்டில் (ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) இருக்கிறார். முந்தாநாள் இரவு எல்லாரும் படுத்த பிறகு கராஜுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். காலையில் ரிமோட்டை அழுத்தினால் கதவு நாலு விரற்கடை எழும்பி நின்றுவிடுகிறது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. யூடியூப்பில் பார்த்தால் அரைமணி நேர வேலையாகத் தெரிகிறது, ஸ்பிரிங் வாங்கி நானே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். ஸ்பிரிங் முறுக்கும் வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்றபடி நீங்களே பார்க்க வேண்டியது, செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதையெல்லாம் விவரமாகச் சொல்கிறேன். செந்தூலில் இருந்துகொண்டு 22 வருஷமாக ஷட்டர், ஆட்டோ கேட், கராஜ் கதவு வேலைதான் செய்கிறேன். நம் ஊரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளுக்கு கார் போர்ச்சும் கேட்டும்தான் இருக்கும், மேலே மடங்கிப் போகிற கராஜ் கதவு பங்களாவிலும் சில செமி-டியிலும்தான். அதனால் இதைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரித்தாலும் விவரம் கிடைக்காது. இருக்கிற வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கக்காரர்கள் போட்டவை. அங்கே 1921லேயே இந்த மாதிரிக் கதவு வந்துவிட்டது, வீட்டுக்காரரே ரிப்பேர் பார்க்கிற பழக்கமும் அங்கே உண்டு.

முதலில் இந்தக் கதவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். இரண்டு கார் அகலக் கதவு, இரும்புத் தகடாக இருந்தால், 70 கிலோவிலிருந்து 100 கிலோ வரை வரும். மரம் என்றால் இன்னும் அதிகம். கதவுக்கு மேலே சுவரோடு ஒரு இரும்புத் தண்டு போகிறதல்லவா, அதில் சுற்றியிருக்கிற ஸ்பிரிங்கை முறுக்கி வைத்திருப்போம். தண்டின் இரண்டு முனையிலும் உருளை, உருளையிலிருந்து கேபிள் இறங்கிக் கதவின் அடி மூலையைப் பிடித்திருக்கும். ஸ்பிரிங் முறுக்கு அவிழ அவிழ கேபிள் சுற்றிக்கொண்டு கதவை மேலே இழுக்கும். அளவு சரியாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒரு கையால் தூக்கிவிடும். மோட்டாருக்கு வேலை கொஞ்சம்தான்.

கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும். அதனால்தான் உங்கள் வீட்டில் யாருமே தொடாத நேரத்தில் ராத்திரியில் உடைந்தது. பயப்படாதீர்கள், வீட்டில் வேறு எதுவும் கெட்டுப்போகவில்லை.

இப்போது ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போங்கள். கதவு மூடியே இருக்கட்டும். தண்டைப் பார்த்தால் ஸ்பிரிங்கில் ஓரிடத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவு இடைவெளி தெரியும். உடைந்த இடம் அதுதான். உடைந்த முனையைக் கையில் வாங்கிப் பார்க்க நேர்ந்தால், நான் இன்றும் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிற ஒன்றைக் கவனியுங்கள். வெட்டுமுகத்தின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பகுதி கறுத்து, பழுப்பேறி இருக்கும். மிச்சம் பளபளவென்று புது இரும்பாக இருக்கும். கறுத்த பகுதி பல மாதத்துக்கு முன்பே விரிசல் விட்டது. மேலே ஒரு துரும்பளவு துரு பிடித்திருக்கும், அங்கே ஆரம்பித்து ஒவ்வொரு முறை கதவு ஏறி இறங்கும்போதும் மயிரிழை மயிரிழையாக உள்ளே போய், கடைசியில் மிஞ்சிய கம்பி தாங்காமல் அன்று இரவு விட்டுவிட்டது.

அடுத்து, ஸ்பிரிங் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இது ரொம்ப முக்கியம். உடைந்த ஸ்பிரிங் செத்த பாம்பு, அதன் முறுக்கெல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது. பக்கத்தில் உடையாமல் இருக்கிறதே இன்னொன்று, அது முழு முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் உடைந்ததைப் பார்த்துப் பார்த்துக் கழற்றிவிட்டு, நல்லதன் போல்ட்டில் சாதாரணமாக ஸ்பேனரைப் போடுவார்கள். அடிபடுவது அங்கேதான். அதே மாதிரி கதவின் அடி மூலையில் கேபிளைப் பிடித்திருக்கிற சின்ன இரும்புத் தகடு. நாலு ஸ்க்ரூதானே என்று அதைக் கழற்றாதீர்கள், முறுக்கின் இழுப்பு முழுதும் அதில்தான் தொங்குகிறது.

சரி, முறுக்குவதில் அப்படி என்ன ஆபத்து? கணக்கையே சொல்கிறேன். வழக்கமான உருளை நாலு அங்குல விட்டம், அதாவது மையத்திலிருந்து இரண்டு அங்குலம். 80 கிலோ கதவுக்கு, 18 அங்குலக் கம்பியைப் போட்டு முறுக்கினால் கம்பியின் நுனியில் கைக்குத் தெரிகிற பாரம் முழு முறுக்கிலும் ஒன்பது கிலோதான். இரண்டு ஸ்பிரிங் பங்குபோட்டுக்கொண்டால் ஒன்றுக்கு நாலரைக் கிலோ, ஒரு சின்ன அரிசி மூட்டை. கைக்கு லேசாக இருப்பதுதான் மனுஷனை ஏமாற்றுகிறது. ‘இவ்வளவுதானா’ என்று தோன்றிவிடும். ஆனால் ஏழடிக் கதவுக்கு ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். ஸ்பிரிங் முனையிலுள்ள கூம்பில் நாலு துளை, ஒரு தடவைக்குக் கால் சுற்று. இரண்டு கம்பியை மாற்றி மாற்றிச் செருகி முப்பது தடவை. அந்த முப்பதில் ஒரு தடவை கம்பி துளையின் அடிவரை போகாமல் நழுவினால் போதும், அதுவரை ஏற்றிய முறுக்கு அத்தனையும் ஒரே நொடியில் திரும்பிச் சுற்றும். துளையில் கம்பி மாட்டியிருந்தால் அந்தக் கம்பியும் சேர்ந்து சுற்றும். எதிரே நிற்பது உங்கள் முகம்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். கம்பிகளில் ஒன்றை லோரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வெயில், எடுக்கப் போகச் சோம்பல். பெட்டியில் கிடந்த பெரிய ஸ்க்ரூ டிரைவரைச் செருகினேன். ஸ்க்ரூ டிரைவர் துளைக்குப் பொருந்தாது, ஒரு நூல் ஆட்டம் இருக்கும். இருபதாவது தடவையோ என்னவோ, வழுக்கிவிட்டது. கைப்பிடி திரும்பி வந்து என் வலது மணிக்கட்டில் அடித்தது. சத்தம் காதில் விழுந்தது, வலி தெரிய நேரமெடுத்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மா சோறு ஊட்டிவிட்டார். வேலை கற்றுக்கொடுத்த சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஆஸ்பத்திரிக்கு வந்து, திட்டவே இல்லை. ஒரு ஜோடி புதுக் கம்பியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த ஜோடிதான் என்னிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் மணிக்கட்டு இன்னும் வலிக்கும்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது. ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள். ஸ்பிரிங் இல்லாமல் மோட்டார் மொத்தப் பாரத்தையும் இழுக்கப் பார்த்தால் உள்ளே இருக்கிற நைலான் பல்சக்கரம் தேய்ந்துபோகும், இல்லாவிட்டால் கதவின் மேல் தகடு வளைந்துவிடும். ஸ்பிரிங்கோடு போகவேண்டிய செலவு மோட்டார் வரைக்கும் போய்விடும். ரிமோட் எல்லாவற்றையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

கார் கட்டாயம் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. சில வருஷத்துக்கு முன், விடிந்தால் தைப்பூசம், இரவு இரண்டரை மணிக்கு ஒரு அக்கா போன் செய்தார். பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க வீடே குளித்துத் தயாராக நிற்கிறது, கராஜ் கதவு திறக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிடும் என்பதால் போனிலேயே சொல்லிச் செய்ய வைத்தேன். அதே வரிசையில் சொல்கிறேன்.

இரண்டு பக்கக் கேபிளும் உருளையில் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒன்று கழன்றோ சிக்கியோ இருந்தால், கதவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதோடு விட்டுவிட வேண்டும், டாக்சிதான். அங்கே சரியாக இருந்தது. கதவு மூடியிருக்கும்போதே மோட்டாரிலிருந்து தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்து, மோட்டாரிலிருந்து கதவை விடுவித்தார்கள். கதவு மேலே நிற்கும்போது அந்தக் கயிற்றை ஒருபோதும் இழுக்கக் கூடாது, தாங்க ஸ்பிரிங் இல்லை, மொத்தக் கதவும் கில்லட்டின் மாதிரி இறங்கிவிடும். பிறகு மூன்று ஆண்கள், இரண்டு ஓரத்திலும் ஒருவர், நடுவில் ஒருவர், அடி விளிம்பைப் பிடித்து ஒரே சீராகத் தூக்கினார்கள். பலகைகள் மடங்குகிற இடுக்கில் விரல் வைக்கக் கூடாது என்று நான் நாலு தடவை சொன்னேன். மேலே போனதும் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும், சக்கரத்துக்குக் கீழே, பூட்டுகிற குறடை இறுக்கிப் போட்டார்கள். அவர்களிடம் இரண்டு குறடு இருந்தது நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகும் ஆட்கள் பிடித்த பிடியை விடவில்லை. மாமா காரை வெளியே எடுத்தார், அதே மூவர் மெதுவாக இறக்கினார்கள். போனில் பின்னால் யாரோ ‘வேல் வேல்’ என்று சொன்னது கேட்டது. பலமான ஆள் மூன்று பேர் இல்லை என்றாலோ, மரக்கதவு என்றாலோ இதைச் செய்யாதீர்கள். குழந்தைகள், பூனை, நாய் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

ஆளைக் கூப்பிடும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வருகிறவரிடம் ‘கதவின் எடையைப் பார்த்து ஸ்பிரிங் போடுவீர்களா, பழைய அளவையே போடுவீர்களா’ என்று கேளுங்கள். பழையது தப்பான அளவாக இருந்திருக்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகு, கதவைக் குளியலறைத் தராசின் மேல் இறக்கினாலே எடை தெரிந்துவிடும். கம்பியின் தடிமன், உள்விட்டம், நீளம், வலமுறுக்கா இடமுறுக்கா, இந்த நாலும் பொருந்த வேண்டும். ‘கிட்டத்தட்ட இதே சைஸ்தான்’ என்று எடுத்து வருகிறவரை மாட்ட விடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் இரண்டு முறுக்குக் கம்பி இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

இரண்டு ஸ்பிரிங் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாட்டியது, ஒரே அளவு உழைத்தது, மற்றதும் சீக்கிரம் போய்விடும். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவைக்குக் கணக்குப் பண்ணிச் செய்வது, ஒரு தடவை திறந்து மூடினால் ஒன்று. நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் மூன்று கார், வாசல் கதவுக்குப் பதிலாக எல்லாரும் கராஜ் வழியாகவே போய்வருகிறார்கள், நாளைக்கு எட்டு தடவை என்றால் மூன்றரை வருஷம்கூட வராது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கம்பி தடித்து, நீளம் கூடின, 20,000 தடவைக்கு மேல் தாங்குகிற ஸ்பிரிங் கேட்டு வாங்குங்கள். விலை கூடும், ஆனால் ஆள் கூலி ஒரு தடவைதான்.

புது ஸ்பிரிங்கின் மேல் நீளவாக்கில் ஒரு பெயின்ட் கோடு இருக்கும். முறுக்கியதும் அது தண்டைச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி ஏறிப் போகும். அந்தச் சுற்றை எண்ணினால் எத்தனை சுற்று முறுக்கியிருக்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து காசு கொடுக்கும் முன், கதவு மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்கிப் பாருங்கள். இடுப்பளவில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் முறுக்குப் போதாது, மேலே ஓடினால் அதிகம். அவர் இருக்கும்போதே சரிபண்ணச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரும்பு சும்மா இருக்காது. பினாங்கில் கடலோர வீடு என்றால் உப்பும் சேரும், அங்கே போட்ட ஸ்பிரிங் இங்கே போட்டதைவிடச் சீக்கிரம் பழுப்பேறுவதை நானே பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கதவை மூடிவைத்து, சிலிக்கான் அல்லது லித்தியம் ஸ்பிரேயை ஸ்பிரிங்கின் நீளம் முழுக்க அடித்து, வழிகிறதைத் துணியால் துடைத்துவிடுங்கள். துரு இளக்கப் பயன்படுத்துகிற மெல்லிய எண்ணெய் போதாது, காய்ந்துவிடும். தண்டவாளத்தில் கிரீஸ் தடவாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும், அதைத் துடைத்தாலே போதும்.

உங்கள் கதவின் படத்தையும், தண்டும் ஸ்பிரிங்கும் தெரிகிற மாதிரி இன்னொரு படத்தையும் கீழே போடுங்கள். ஸ்பிரிங் சுருளில் இருபது சுற்றுக்கு எத்தனை அங்குலம் வருகிறது என்று டேப்பைப் பக்கத்தில் பிடித்து, தொடாமல் அளந்து எழுதினால், கம்பியின் தடிமனை நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஐந்து அங்குலம் வந்தால் கால் அங்குலக் கம்பி. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.