எட்டு ஆண்டு ஓடிய காரில் பினாங்குக்குப் புறப்படும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பெற்றோரையும் வாழ்க்கைத் துணையையும் இரண்டு பிள்ளைகளையும் எட்டு ஆண்டு ஓடிய காரில் கோலாலம்பூரிலிருந்து அழைத்துச் செல்ல இருப்பதாகவும், வெயில் கடுமையாக இருப்பதால் எவற்றைச் சரிபார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கோலாலம்பூரின் செந்தூலில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் பட்டர்வொர்த். ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளும் இந்த வழியை ஆண்டுக்கு நான்கைந்து முறை ஓட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே காரைப் பட்டறைக்குக் கொண்டு போய்விடுங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் பட்டறைகளில் இடம் கிடைக்காது என்பது ஒரு காரணம். மாற்றிய பாகம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பது ஊருக்குள் நாலு நாள் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வெயில் காலத்தில் நான் மிகவும் அஞ்சுவது எஞ்சின் சூட்டைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாத நண்பகலில், பீடோரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சூட்டுமானியின் முள் மேலே ஏறுவதைப் பார்த்து அவசரத் தடத்தில் காரை நிறுத்தினேன். ஆறு வாரத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரேடியேட்டரின் மேல் குழாய், கவ்வி இறுக்கும் இடத்தில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பொடி காய்ந்து ஒட்டியிருந்தது. நீர் பல நாளாகக் கசிந்து கசிந்து உலர்ந்த தடம் அது. இழுவை வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் என் அப்பா தடுப்புக் கம்பிக்கு அப்பால் புல்மேட்டில் குடை பிடித்து நின்றார். லாரி கடக்கும் ஒவ்வொரு முறையும் நின்றிருந்த கார் ஆடியது. அந்தக் காட்சி இன்றும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காரின் முன்மூடியைத் திறந்து ரேடியேட்டர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லைப் போல இறுகியிருந்தாலும், பஞ்சைப் போல அமுங்கினாலும், முனையில் உப்பியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். குளிர்விப்பு நீர் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது என்று பொருள். முழுவதையும் கழுவி, காரின் கையேடு சொல்லும் கூலண்டையே ஊற்றச் சொல்லுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்: அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதே அழுத்தத்தால், சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

அடுத்தது டயர். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ஆள் நிறைந்த காருக்கு உரிய காற்றழுத்தம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆறு பேரும் மூட்டைகளும் ஏறும் பயணத்துக்கு அந்த அளவே பொருந்தும், அதையும் ஓட்டத் தொடங்கும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளைந்து நெளிவதால் உள்ளுக்குள் சூடேறி, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வெடிக்கக்கூடும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். மாற்று டயரில் காற்று இருக்கிறதா என்று பலர் பார்ப்பதே இல்லை.

நம் வெப்பத்தில் பேட்டரி இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் சோதித்துவிடுங்கள். துடைப்பான் ரப்பரைச் செலவு பார்க்காமல் மாற்றிவிடுங்கள், மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பிரேக் எண்ணெயைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். திரும்பி வரும்போது ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அந்தச் சூட்டில் எண்ணெய் கொதித்து மிதி தரைவரை இறங்கிவிடலாம். இரண்டு ஆண்டாக மாற்றவில்லையென்றால் மாற்றுங்கள். சரிவில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடியுங்கள்.

ஆறு பேர் என்று எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது: கார் ஐந்து இருக்கைக் காராக இருந்தால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஒருவர் பேருந்திலோ ரயிலிலோ வரட்டும்.

கடைசியாக, 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் தைப்பூச நெரிசலில் ஊர்ந்துதான் கடக்க வேண்டியிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஊரும்போது அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழும். வீட்டு வாசலில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, காரை இருபது நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டு, முள்ளைப் பார்த்தபடி காத்திருங்கள். முள் நடுவைத் தாண்டிய பின்னும் விசிறி சுழலும் சத்தம் கேட்கவில்லையென்றால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். அதைச் சரிசெய்யும்வரை அந்தக் காரில் புறப்பட வேண்டாம்.