விடுதலைப் பத்திரம்

அன்புள்ள அக்கா,

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன், வயது 43. போன வருடம் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் என் பாவங்களையெல்லாம் கர்த்தரிடம் அறிக்கையிட்டு அழுதேன். பாரம் இறங்கியது. அப்படி ஒரு சமாதானத்தை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. அப்பாவின் வீட்டில் தங்கையின் பங்கை நானே எழுதி வாங்கிக்கொண்டதும் அந்தப் பாவங்களில் ஒன்று. தேவன் மன்னித்துவிட்டார். தங்கை மட்டும் மன்னிக்கவில்லை, போனை எடுப்பதே இல்லை. ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்று தாவீதே சொல்லியிருக்கிறாரே? கொஞ்ச நாளாக அந்தச் சமாதானம் குறைவதுபோல் இருக்கிறது. நீங்கள் கத்தோலிக்கர் என்பதால் கேட்கிறேன்: குருவிடம் போய்ச் சொன்னால்தான் மனநிறைவு நிலைக்குமா? கடவுளிடம் நேராகச் சொன்னது போதாதா? அடுத்த மாதம் சபையில் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள். அதற்குள் தெளிவு வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியது நாலு பக்கம், சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த நாலு பக்கத்தில் ‘சமாதானம்’ பதினேழு இடத்தில் வருகிறது, தங்கை இரண்டு இடத்தில். இதையெல்லாமா எண்ணுவாள் என்று தோன்றலாம். எண்ணினேன்.

குருவா, நேரடியா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் எனக்குப் பெரிய ருசியில்லை. வருடத்துக்கு ஒருதரமாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று 1215இல் லாத்தரன் சங்கத்தில், அதாவது ஆயர்கள் கூடிய திருச்சபைப் பேரவையில், விதி போட்டார்கள். திருச்சபையின் ஆரம்ப நூற்றாண்டுகளில் பெரிய பாவம் செய்தவர்கள் ஊரறியத் தவம் செய்தார்கள். நம் பாட்டிமார் முழங்காலிட்ட பாவசங்கீர்த்தனத் தொட்டி, குருவுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் வலைத்தட்டி எல்லாம் பதினாறாம் நூற்றாண்டு ஏற்பாடு. ரோமாபுரியோடு அத்தனை சண்டை போட்ட லூத்தர்கூடப் பாவசங்கீர்த்தனத்தைத் தூக்கி எறியவில்லை. 1529இல் வந்த அவருடைய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் தொட்டியில் சொன்னாலும் சரி, கூட்டத்தில் கைதூக்கிச் சொன்னாலும் சரி. எங்கள் பங்குச்சாமியார் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும்.

ஆனால் தாவீதை ஏன் துணைக்கு இழுத்தீர்கள்? அதை விடமாட்டேன். உரியா என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டார். அவனைப் போர்முனையில் நிறுத்திச் சாகவிடும்படி எழுதிய கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பியவர் தாவீது. அப்படிப்பட்டவர் ‘ஒருவருக்கே’ என்கிறார். சிறுவயதிலிருந்து அந்தச் சொல் எனக்கு உறுத்தும். உரியா செத்துப்போனான், அவன் காலில் விழ வழியில்லை, கடவுளைத் தவிர தாவீதுக்குப் போக்கிடம் இல்லை என்று நானாக ஒரு அர்த்தம் செய்துகொண்டுதான் அந்தச் சங்கீதத்தைச் சொல்லிவருகிறேன். உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள் தம்பி. அவளுக்குப் போன் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதே தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னபோது, கதை தன்னைப் பற்றியது என்று தெரியாமலே அவர் தீர்ப்புச் சொன்னார்: ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எரிகோவில் இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரம் ஏறிய வரிவசூல்காரன் சகேயுவும் அதே கணக்கைத்தான் சொன்னான், அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனை. மரம் ஏறியதைப் பாட்டாகப் பாடி ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளை ஆடவிடுகிறார்கள், நாலத்தனையை யாரும் பாடி நான் கேட்டதில்லை. அது அதிகம் என்றால் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுங்கள். பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே செலுத்த வேண்டும். அறிக்கையும் செலுத்துவதும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. உங்கள் கூட்டத்தில் பாதி வசனத்தோடு ஜெபத்தை முடித்துவிட்டார்களோ?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே ‘எழுதி வாங்கிக்கொண்டேன்’ என்றால் என்ன எழுதி வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். என் பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதும் அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குப் போய்க் கர்த்தரிடமும் விடுதலை வாங்கிவிட்டீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நானும் அப்படி ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்தவள். பதினாலு வருடம் ஆகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் எனக்கு ஒரு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தான். பெருவிரல் மை காயவில்லை, கண்ணாடி டம்ளரில் ஊதாவாக ஒட்டியது. அந்தச் சோடாதான் என் பங்கு. அண்ணன் நல்லவன்தான், பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அவன்தான் முன்னால் சிலுவை பிடிக்கிறான். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், என் இலையில் அப்பளம் எடுத்து வைத்தான். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

எங்கள் ஆச்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஊரில் அரிசிக்கடை வைத்திருந்தாள். கன்னானிடம் கொடுத்துப் படியின் அடியை உள்பக்கமாக ஒரு தட்டுத் தட்டி வாங்கியிருந்தாள். படிக்கு ஒரு கைப்பிடி மிச்சம். ஆறு வருடம் அப்படியே அளந்தாள். ஒரு தவக்காலத்தில் போய்த் தொட்டியில் சொன்னாள். சாமியார் மன்னிப்பு மந்திரம் சொல்லாமல், “போய் முதல்ல படியை நிமித்திக்கிட்டு வா” என்று அனுப்பிவிட்டார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். பாவசங்கீர்த்தன இரகசியம் சாமியாரைத்தான் கட்டும். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

நிமிர்த்திக்கொண்டு போனபோது அபராதம் சொன்னார். ஆறு வருடம் தலைதட்டாமல் குவித்து அளக்க வேண்டும். முகம் தெரிந்த ஆளுக்கு வீட்டுக்கே போய்க் கொடுக்க வேண்டும். முகம் தெரிந்த ஆள் ஒருத்தி, பக்கத்துத் தெரு இட்லிக்காரி, புருஷன் இல்லாதவள், தினமும் அரிசி வாங்கியவள். ஆச்சி ஒரு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், “ஆறு வருசமா ஒன்ன ஏச்சிருக்கேன்” என்றாள். இட்லிக்காரி மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டாள். “சரி, போ” என்று கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் கடைப்பக்கம் வரவேயில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானே பார்த்திருக்கிறேன்.

கோபம் வரலையா ஆச்சி என்று கேட்டிருக்கிறேன். “அரிசியும் அவளுது, கோவமும் அவளுது. அதை நான் எப்படிட்டி கேக்க?” என்றாள்.

தங்கை மன்னிக்காததால் அவள் விசுவாசத்தில் ஏதோ குறை என்கிற தொனி உங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஆச்சியின் படி என்னிடம் இருக்கிறது. அடியில் விரல் வைத்துத் தடவினால் நிமிர்த்திய இடம் இன்னும் நெளிவாகத் தெரியும். ஆச்சிக்குச் சமாதானம் வந்ததா என்று நான் கேட்டதில்லை. ஆறு வருடம் முடிந்த பிறகும் குவித்தேதான் அளந்தாள். சித்தப்பாவுக்கு அதில் பெரிய எரிச்சல், கடை நொடித்துப்போகும் என்று கத்துவார். நொடித்துப்போகவில்லை, பெரிதாக வளரவும் இல்லை.

குறைந்துபோன சமாதானத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது குறைவதைப் பார்த்துத்தான் உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது, ஏசினதற்கு மன்னியுங்கள். தங்கையின் பங்கை அவள் பேருக்கே திருப்பிக் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத்தாள் செலவும் குறைவு, ஒரு ஆவண எழுத்தரைப் பாருங்கள். தங்கைக்குப் போன் போட வேண்டாம், அவள் எடுக்கமாட்டாள். பத்திரத்தைப் பதிவுசெய்ய அவள் மாப்பிள்ளை மூலமாகத் தேதி கேளுங்கள். அன்றைக்குச் சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். சபையில் கேட்டால், சாட்சி சொல்ல இன்னும் நாள் ஆகும் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா